துரு எடுக்கப் போய் துரு வரவைத்த கதை

இன்னைக்குக் கதை ஒரு கண்ணாடிக் குவளையில தொடங்குது.

வருஷம் 1790. ஜேம்ஸ் கீர் என்ற வேதியியலாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்கிறார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டா, நுரைச்சுக்கிட்டுக் கரையும். ஆனா அடர் அமிலத்தில் போட்ட இரும்பு கரையாம சும்மா கிடக்குது. ஆசிட் வலுவாகும்போது இரும்பு ஏன் பிழைக்குது?

1836-ல ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்திலிருந்து ஷோன்பைன் என்ற பேராசிரியர் இதைப் பற்றி லண்டனில் இருந்த மைக்கேல் ஃபாரடேக்குக் கடிதம் எழுதுகிறார். இப்படி வினைபுரியாம இருக்கிற இரும்புக்கு ‘பாசிவ்’ என்று பேர் வைத்தவர் அவர்தான். ஃபாரடேயின் ஊகம்: இரும்பின் மேல்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்பா மாறியிருக்கணும். ‘பாசிவேஷன்’ என்று இன்னைக்கு வெல்டிங் பட்டறைகளில் சொல்றாங்களே, அந்த வார்த்தையோட வேர் இங்கேதான் இருக்கு.

அடுத்து ஷெஃபீல்டு, 1913. ஹாரி பிரியர்லி, எஃகு உருக்குற தொழிலாளியோட மகன். துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் தேய்ஞ்சு போகுது, அதுக்கு ஒரு எஃகு வேணும் என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. குரோமியம் கலந்து உருக்கினார். ஆகஸ்ட் மாதம் கிடைத்த ஒரு கலவையில் 12.8 சதவீதம் குரோமியம். நுண்ணோக்கியில் பார்க்கிறதுக்காக நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலால் அரிக்க முயன்றால், அரிக்கவே இல்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அசைக்கல. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் க்ரூப் நிறுவனத்தின் ஸ்ட்ராஸும் மௌரரும் நிக்கலும் சேர்த்த வகைக்கு 1912-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற கலவை அந்த வழியில் வந்ததுதான். நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பல இந்தக் குடும்பம்.

எவர்சில்வர்! பேரிலேயே ‘எவர்’ இருக்கு. ஆனா அந்தப் பளபளப்பு நிரந்தரம் இல்லைங்க. அது ஒரு தோல். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் போட்டுக்கிற தோல். கீறினா தானே வளரும். அதுக்கு ரெண்டு நிபந்தனை: மேல்பரப்பில் போதுமான குரோமியம் இருக்கணும், அழுக்கும் வேற இரும்பும் இல்லாம இருக்கணும்.

வெல்டிங் முதல் நிபந்தனையை உடைக்குது. முதல் தலைமுறை ஸ்டெயின்லெஸ் தொட்டிகளில் வெல்டிங் கோட்டை ஒட்டியே அரிப்பு வந்தது. ‘வெல்ட் டிகே’ என்று பேர் வைத்தார்கள். 450-லிருந்து 850 டிகிரி வரைக்கும் உள்ள சூட்டில் கார்பன் போய் குரோமியத்தைப் பிடிச்சுக்குது, சுத்தியிருக்கிற உலோகம் ஏழையாகுது என்று 1933-ல எட்கர் பெய்னும் அவர் கூட்டாளிகளும் விளக்கினார்கள். மருந்தும் கிடைச்சது: டைட்டானியம் சேர்ப்பது, அல்லது கார்பனைக் குறைப்பது. இன்னைக்கு 304எல், 316எல் என்று முடியிற அந்த ‘எல்’, கார்பன் குறைவு என்பதன் அடையாளம்.

ஆனா இன்னொரு தொல்லை மிச்சம். வெல்டிங் முடிந்ததும் ஓரத்தில் வைக்கோல் நிறம், நீலம், ஊதான்னு வானவில் மாதிரி தெரியுமே, பார்த்திருப்பீங்க. அழகாத்தான் இருக்கும். அது சூட்டில் தடிமனா வளர்ந்த ஆக்சைடு. அதுக்குக் கீழே உலோகம் குரோமியம் இழந்து கிடக்கு. இந்த நிறத்தை மட்டும் தேய்ச்சு எடுத்தா, ஏழையான தோலைத்தான் வெளியே காட்டுறோம்.

இங்கேதான் சுத்தம் செய்றவங்க ஏமாறுறாங்க. சாதாரண இரும்புக் கம்பி பிரஷை எடுத்துத் தேய்ப்பாங்க. பளிச்சுன்னு ஆகும். ஆனா பிரஷிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள்கள் கீறல்களில் ஒட்டிக்கிட்டு, ரெண்டு மழைக்குள்ள பழுப்புப் புள்ளியா பூக்கும். முன்னாடி சாதா இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் டிஸ்கும் இதே வேலையைச் செய்யும். சிலர் பாத்ரூம் ஆசிட்டை ஊத்துவாங்க. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு அந்தத் தோலையே குத்தி ஓட்டை போடும்.

அப்போ சரியான வழி என்ன? ஸ்டெயின்லெஸுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்த ஸ்டெயின்லெஸ் பிரஷ். வெல்டிங் நடக்கும்போதே பின்பக்கம் ஆர்கான் வாயு விட்டா, அந்தப் பக்கத்தில் நிறம் பெருசா வராது. பிறகு ‘பிக்லிங்’: நைட்ரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக்கும் கலந்த பேஸ்ட், ஆக்சைடையும் ஏழையான அடுக்கையும் சேர்த்துக் கரைக்கும். அப்புறம் நல்ல தண்ணீரில் நிறைய அலசணும். கடைசியாக நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தால் பாசிவேஷன். அது ஒட்டியிருக்கிற இரும்பை எடுத்து, தோல் ஒழுங்கா வளர வழிவிடும். சிட்ரிக் என்றால் எலுமிச்சையில் இருப்பதுதான். பிரியர்லியின் எலுமிச்சைச் சாறு நூறு வருஷம் கழிச்சு வேற வேஷத்தில் வந்து நிக்குது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மோசமான ஆசாமி. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் பல சமயம் உடனே எரியாது. மணிக்கணக்கில் கழிச்சுத்தான் வலி தெரியும். அதுக்குள்ள அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அளவு மீறினா இதயத்தையே நிறுத்தும். தண்ணீரால் கழுவி, கால்சியம் குளுகோனேட் ஜெல் தடவி, உடனே மருத்துவமனைக்கு ஓடணும். அந்த ஜெல் இல்லாத பட்டறையில் அந்த பேஸ்ட் டப்பா திறக்கவே கூடாது. பாஸ்ஃபரிக் அமிலக் கரைசலும் மின்சாரமும் பாயும் கார்பன் இழை பிரஷும் வைத்துச் சுத்தம் செய்யும் கருவிகள் இப்போ இருக்கு. விலை கூடுதல்தான்.

உலோகத்தோட தோலைக் காப்பாத்த 230 வருஷமா யோசிச்சிருக்கோம். அடுத்த தடவை உங்க அபார்ட்மென்ட் கைப்பிடியில வெல்டிங் கோடு பளபளன்னு இருந்தா, அதைத் தேய்ச்சவர் கையில கையுறை இருந்துச்சான்னும் ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.