எஸ்தோனியாவின் ஸ்டார்ட்அப் களம்

பால்டிக் கடலோர நாடான எஸ்தோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13.7 லட்சம். உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பினால் தொழில் பெருகாது. அதனால் தலைநகர் தாலினில் தொழில் தொடங்குபவர்கள் முதல் நாளே வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கணக்கில் வைக்கிறார்கள்.

1991-ல் சோவியத் பிடியிலிருந்து விடுபட்ட நாடு, 1996-ல் 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டத்தை அறிவித்துப் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் கொண்டுபோனது. ஆனால் களத்தின் உண்மையான தாய்வீடு இணைய அழைப்புச் செயலியான ஸ்கைப்தான். 2003-ல் வெளிவந்த அதை நிறுவியவர்கள் ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். மென்பொருளை எழுதியவர்கள் ஆஹ்தி ஹெய்ன்லா உள்ளிட்ட எஸ்தோனியர்கள். 2005-ல் ஈபே அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே பணமும் பழக்கமும் சேர்த்தவர்கள் அடுத்தடுத்துப் புதிய நிறுவனங்களில் இறங்கினார்கள்.

ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெட் ஹின்ரிகுஸ் லண்டனில் வசித்தார். சம்பளம் யூரோவில் வந்தது. அவருடைய நண்பர் கிறிஸ்டோ கார்மனுக்குச் சம்பளம் பவுண்டில், ஊரில் கட்ட வேண்டிய வீட்டுக் கடனோ யூரோவில். வங்கிக் கட்டணம் கொடுக்காமல் இருவரும் பவுண்டையும் யூரோவையும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பரிமாற்றமே 2011-ல் டிரான்ஸ்ஃபர்வைஸ் ஆனது. வைஸ் என்ற பெயரில் 2021-ல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. ஹெய்ன்லா, ஸ்கைப் நிறுவனர்களில் ஒருவரான யானுஸ் ஃபிரீஸுடன் 2014-ல் ஸ்டார்ஷிப்பைத் தொடங்கி, ஆறு சக்கர ரோபோக்களை நடைபாதையில் சாப்பாடு கொண்டுசெல்ல விட்டார். பிள்ளைகள் தழைக்க, தாய் நிறுவனமான ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது.

வணிக மாணவர்களுக்கு இந்நாடு ஒரு திறந்த பாடநூல். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை வணிகப் பதிவேட்டில் யாரும் இணையத்திலேயே படிக்கலாம். 2000 முதல், லாபத்தைத் தொழிலிலேயே விட்டுவைத்தால் வரி இல்லை. பங்காதாயமாகப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் வரி. இந்த ஒரு விதி முதலாளியின் முடிவுகளை எப்படித் திருப்புகிறது என்பதே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம். 1632-ல் நிறுவப்பட்ட தார்த்து பல்கலைக்கழகமும் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தொழில்முனைவுப் பயிற்சி தருகின்றன. வேடிக்கை என்னவென்றால், பெற்றோரிடம் 5,000 யூரோ கடன் வாங்கி 2013-ல் 19 வயதில் வாடகைக் கார் செயலி நிறுவனமான போல்ட்டைத் தொடங்கிய மார்குஸ் வில்லிக், தார்த்துவில் படிப்பைப் பாதியில் விட்டவர்.

2014 டிசம்பரில் தொடங்கிய 'இ-ரெசிடென்சி' பற்றி மாணவர்களிடையே ஒரு குழப்பம் உண்டு. அதில் கிடைக்கும் மின் அடையாள அட்டையைக் கொண்டு வெளிநாட்டிலிருந்தே அங்கே நிறுவனம் பதிவு செய்யலாம், ஆவணங்களில் மின்கையொப்பம் இடலாம். நாட்டுக்குள் நுழையவோ குடியிருக்கவோ அது உதவாது; அதற்கு விசா தனி. ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கென்று ஒரு விசா 2017 முதல் இருக்கிறது.