காஞ்சிப் பட்டும் சரக்குக் கணக்கும்

காஞ்சிபுரம் பட்டுச்சேலைக்கு வேண்டிய கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், வெள்ளிக் கம்பியைப் பட்டிழைமேல் சுற்றிப் பொன்முலாம் பூசிய நூலாகிய சரிகை சூரத்திலிருந்தும் வருவதால், அவ்வூர் நெசவின் வரலாறு சரக்குப் போக்குவரத்தின் வரலாறாகவும் இருந்துவருகிறது. இச்சார்பைக் குறைக்க 1971இல் தமிழ்நாடு அரசு காஞ்சிபுரத்திலேயே சரிகை நிறுவனம் ஒன்றைத் தொடங்கியபோதும், சூரத்துச் சரிகையின் வரவு நின்றுவிடவில்லை.

சரக்கை நிறுத்துப் பதிவதும் இங்குப் புதிதன்று. உத்தம சோழனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேடு என வழங்கிய இந்நகரின் கோல்நிறைக் கூலி, கால் அளவு கூலி ஆகியவற்றை, அதாவது துலாக்கோலில் நிறுக்கும் பண்டங்களுக்கும் முகந்து அளக்கும் பண்டங்களுக்கும் பெற்ற கட்டணங்களை, ஊரகத்துப் பெருமாளுக்கு உரியனவாகக் குறிப்பதோடு, கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பில் நெசவாளர் குடியிருப்பினருக்கும் இடமளிக்கிறது.

லாரிப் போக்குவரத்துக் காலத்தில் அப்பதிவு லாரி ரசீதாகவும் சோதனைச்சாவடி முத்திரையாகவும் மாறியது. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் வணிகவரிச் சாவடிகள் மறைய, அவற்றின் வேலையை மென்பொருள் ஏற்றது. தேசியத் தகவலியல் மையம் நடத்தும் இணையதளத்தில் பெறப்படும் மின்னணுச் சரக்குச் சீட்டாகிய இ-வே பில், மாநிலங்களுக்கிடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழகத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கு அவ்வாண்டு ஜூன் 2 முதலும் கட்டாயமாயிற்று. அதன் முதற்பகுதி சரக்கையும் மதிப்பையும், இரண்டாம் பகுதி வண்டி எண்ணையும் கொள்ளும். தொடக்கத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் எனக் கணக்கிட்ட அதன் செல்லுபடிக் காலம் 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாளாயிற்று. பட்டு விலையில் சிறு மூட்டையே வரம்பைத் தாண்டுமாதலால் காஞ்சி வணிகர் பலரால் இதிலிருந்து விலகி நிற்க இயலவில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருளில் விலைப்பட்டியல் எழுதும்போதே இந்த பில்லையும் எடுக்க முடிந்ததால், முன்பு பார்சல் அலுவலகத்தில் தனியே செய்யவேண்டியிருந்த எழுத்துவேலை கடைக் கணக்கோடு ஒன்றிவிட்டது.

ஆயினும் இம்மென்பொருளின் வெற்றி நெடுஞ்சாலையோடு முடிகிறது என்றே கொள்ளவேண்டும். மோட்டார் இல்லாத வாகனத்தில் செல்லும் சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை என்பதால், காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துத் தறிக்குச் சைக்கிளில் போகும் பாவு, அதாவது சேலையின் நீள்வாட்டு நூல், சட்டப்படியே அதன் பார்வைக்கு வெளியில் இருக்கிறது. உண்மையில் நுட்பமான கணக்கு தொடங்குவதும் அங்கேதான்: சாயமேற்றுமுன் பட்டை வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிடுவதால், பில்லில் கண்ட எடையும் நெசவாளர் கைக்கு வரும் எடையும் ஒன்றாவதில்லை; பாவையும், குறுக்கு நூலாகிய ஊடையையும், சரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை மீண்டும் நிறுத்து வாங்கும் அவ்வரவுசெலவு நோட்டுப் புத்தகத்திலேயே நேர்செய்யப்பட்டு வந்திருக்கிறது.