தீராத அசதி – 9: நகர்ந்த சல்லடை

சென்ற வாரம் 1970இல் நிறுத்தியிருந்தேன். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1955 கோடையில் 292 ஊழியர்கள் ஒரு விளங்காத நோயால் அடுத்தடுத்துப் படுத்தார்கள். மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து மெக்கிவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் தாள்களைப் புரட்டினார்கள். அந்த நோயாளிகளை உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘இது ஹிஸ்டீரியா’ என்று எழுதினார்கள். படுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார்கள்.

அந்தத் தீர்ப்பின் நிழல் எவ்வளவு நீளமானது என்று பார்க்க லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு வாருங்கள்.

விடிகாலையில் போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வருகின்றன. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம். சோதனைச் சாவடியைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்செடி தூரில்தான் காய்க்கும். அதனால் அது நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை.

2006இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை உலுக்கியது. மறு ஆண்டு இடுக்கி உட்பட கேரள மலை மாவட்டங்களைப் பிடித்தது. தான்சானியாவின் மக்கொண்டே மொழியில் அந்தப் பெயருக்கு ‘உடலை வளைத்துவிடுவது’ என்று பொருள். குனிந்து பிழைப்பவர்களை நிமிர முடியாமல் செய்த நோய். 2006இல் மட்டும் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்கு அது வந்திருக்கலாம் என்பது அரசுக் கணக்கு.

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. சிலருக்கு மற்றது விடவில்லை. “உடம்பை அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு” என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ‘நார்மல்’. கொஞ்சம் தெம்பு வந்த நாளில் ஜீப் ஏறி வேலைக்குப் போய்வந்தால், அடுத்த இரண்டு நாள் பாயிலேயே கிடக்க வேண்டும். மூட்டுவலி வேறு, இந்த அசதி வேறு. இதே காய்ச்சல் 2005-06இல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரைத் தாக்கிய ரீயூனியன் தீவில், டெலிசிக் என்ற ஆய்வு இரண்டையும் ஒரே நோயின் இரு முகங்களாகத் தனித்தனியே பதிவு செய்திருக்கிறது.

இங்கே அவர்களுக்குக் கிடைத்த மருந்து ஓர் அறிவுரை: “படுத்தே கிடக்காத. கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகு, சரியாயிடும்.”

சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்த அறிவுரைக்கு அறிவியலின் முத்திரை எங்கே குத்தப்பட்டது?

பிரிட்டனில், 2011இல். ஆய்வின் பெயர் பேஸ். நாட்பட்ட சோர்வு நோயாளிகள் 641 பேர், நான்கு குழுக்கள், சுமார் 50 லட்சம் பவுண்டு செலவு. ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை. இன்னொன்றுக்கு, நோயைப் பற்றிய எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் மனநல சிகிச்சை. இரண்டும் பலன் தருகின்றன என்று லான்செட் இதழில் முடிவு வெளியானது. 2013இல் அடுத்த கட்டுரை வந்தது: இந்த இரு குழுக்களிலும் 22 விழுக்காட்டினர் குணமடைந்துவிட்டார்கள்! நாளிதழ்கள் கொண்டாடின. நோயாளிகள் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் படுக்கையில் இருந்தபடியே அந்தக் கட்டுரையை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் கண்டுபிடித்ததைச் சொல்ல எனக்குப் போடி ஏலக்காய் வியாபாரம்தான் கைகொடுக்கிறது. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காய்க்கு ஒரு விலை. கீழே விழுந்த காய்க்கு வேறு விலை. சரக்கு பாதி சலித்திருக்கும்போது சல்லடையை எடுத்துவிட்டு 6 மில்லிமீட்டர் சல்லடையைப் போட்டால், மூட்டை முழுக்க முதல் தரமாகிவிடும். ஒரு காய்கூடப் பருத்திருக்காது.

பேஸ் ஆய்வில் உடல் இயக்கத்துக்கு 100 மதிப்பெண். மாடிப்படி ஏற முடிகிறதா, பை தூக்க முடிகிறதா என்பது போன்ற கேள்விகள். 65 அல்லது அதற்குக் கீழே வாங்கியவரைத்தான் நோயாளி என்று சேர்த்தார்கள். முதலில் வகுத்த திட்டப்படி 85 வாங்கினால் குணம். 2013 கட்டுரையில் அந்த 85, 60 ஆகியிருந்தது. 65 மதிப்பெண்ணோடு நோயாளியாக உள்ளே வந்தவர் 60க்குச் சரிந்தாலும் இந்த அளவின்படி குணமானவர்! ஆய்வில் சேர்ந்த அன்றே, குணத்துக்கான அளவுகளில் ஏதாவது ஒன்றையாவது தாண்டியிருந்தவர்கள் 13 விழுக்காடு.

குணமடைந்தோர் கணக்கைப் போடும் முன்பே வரையறையை மாற்றிவிட்டோம், பழைய வரையறை மிகக் கடுமையானது என்பது ஆய்வாளர்களின் வாதம். எனக்கு அது போதவில்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது. நோயாளி நிரப்பும் தாளை வைத்தே முடிவு. ஆய்வு நடந்துகொண்டிருந்த 2008 டிசம்பரில், சிகிச்சையைப் பாராட்டும் வார்த்தைகளோடு ஒரு செய்திமடல் பங்கேற்பாளர்களுக்குப் போனது. உண்மையில் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்று அளக்கக் காலில் கட்டும் கருவியை முதலில் பயன்படுத்திவிட்டு, இறுதி அளவீட்டில் விட்டுவிட்டார்கள். ஆறு நிமிட நடையில் உடற்பயிற்சிக் குழு ஓராண்டு கழித்துக் கடந்தது சராசரியாக 379 மீட்டர். நலமான ஒருவர் அதே நேரத்தில் 600 மீட்டர் நடந்துவிடுவார்.

நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு மூலத் தரவுகளைக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது மறுப்பு.

அப்போதுதான், 2014 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஒரு மனு வந்தது. அனுப்பியவர் அலெம் மாத்தீஸ். மருத்துவரல்ல, பேராசிரியரல்ல. இதே நோயால் அவதிப்பட்டவர். நம் ஆர்.டி.ஐ. போன்ற பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் அவர் கேட்டது சில எண்களை மட்டுமே. பேஸ் தரவுகளை வைத்திருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. தகவல் ஆணையர் கொடுக்கச் சொன்னார். பல்கலைக்கழகம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த வழக்குக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது. எதிரே நின்றவர் தன் சக்தியையெல்லாம் செலவழித்து வாதங்களை எழுதிய ஒரு நோயாளி. வழக்குக்குப் பின் அவர் உடல்நிலை மிகவும் மோசமானது. இந்த இடத்தை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. செப்டம்பரில் தரவுகள் வெளியே வந்தன.

கரோலின் வில்ஷயர் என்ற ஆய்வாளரின் குழுவினர் பழைய சல்லடையையே மறுபடி போட்டுச் சலித்தார்கள். 2018இல் முழு முடிவும் அச்சானது. 22 விழுக்காடு என்று சொன்ன இடத்தில் மனநல சிகிச்சைக் குழுவில் 7, உடற்பயிற்சிக் குழுவில் 4. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 3. இவற்றுக்கிடையே புள்ளியியல் ஏற்கும்படியான வேறுபாடு இல்லை. 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியைக் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை இந்த நோயாளிகளுக்குத் தரக்கூடாது என்று வழிகாட்டுதலையே மாற்றி எழுதியது.

உங்கள் வீட்டில் காய்ச்சலுக்குப் பின் எழ முடியாமல் யாராவது கிடந்தால், தயவுசெய்து அவரை ‘எழுந்து நட’ என்று விரட்டாதீர்கள்.

இது லண்டன் கணக்கு. நம் பெண்களின் அசதியை யாராவது கணக்கெடுத்தார்களா? எடுத்தார்கள், கோவாவில். விக்ரம் படேல் குழுவினர் 18 முதல் 50 வயது வரையுள்ள ஏறக்குறைய 2,500 பெண்களிடம் பேசினார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தீராத அசதி என்றவர்கள் சுமார் 12 விழுக்காடு. 2005இல் முடிவு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ரத்தசோகைதான் காரணமாயிருக்கும் என்று நீங்களும் நானும் சட்டென்று சொல்லியிருப்போம். ஆனால் ஹீமோகுளோபினுக்கும் அந்த அசதிக்கும் தொடர்பே தெரியவில்லை. தொடர்பு தெரிந்தவற்றில் ஒன்று, குடும்பத்தின் கடன். மற்றொன்றைப் பற்றி அந்தப் பெண்களிடம், “கடந்த மூன்று மாதத்தில்…” என்று தொடங்கும் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தது.

அந்தக் கேள்வி, அடுத்த வாரம்.