மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு: உணவும் உடற்பயிற்சியும்



ஜும்ஆ முடிந்ததும் ராயபுரத்துச் சகோதரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் பேசினார். "ஹஜ்ரத், வீட்ல ட்ரீட்மெண்ட் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. ஒரு வேலையும் செய்ய விடுறதில்ல. ஆட்டுக்கால் சூப்பு, பாதாம் பால்னு தினமும் குடுக்குறோம். ஆனா எடை கூடிட்டே போகுது. ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கையைத் தலைக்கு மேல தூக்க முடியல. எப்பவும் அசதின்னு படுத்தே இருக்காங்க. நாங்க எதுல குறை வச்சோம்?"

அன்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. படுக்கையும் கொழுத்த சாப்பாடும்தான் உடம்பைத் தேற்றும் என்ற எண்ணத்தில்தான் தவறு இருக்கிறது. நம் வீடுகளில் இது பரவலாக இருப்பதால் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவ உலகில் பொதுவாக ஏற்கப்பட்டவற்றை மட்டுமே இங்கே தொகுத்துள்ளேன். உங்கள் மருத்துவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஓய்வு மட்டும் ஏன் போதாது?

கீமோ, கதிர்வீச்சுக்குப் பின் வரும் அசதி, தூங்கி எழுந்தால் தீரும் சாதாரணக் களைப்பு அல்ல. படுத்தே இருந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் சிறு வேலையும் பெரும் பாரமாகும், அசதி இன்னும் கூடும். இந்தச் சுழலை உடைப்பதில் உடற்பயிற்சியின் பலன் பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

எடை கூடுவதற்கும் காரணங்கள் உண்டு. கீமோவோடு தரப்படும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். பல பெண்களுக்கு மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகும். நடமாட்டமும் குறைந்துவிடும். இத்துடன் வீட்டாரின் பாதாம் பாலும் சேர்ந்தால் எடை ஏறத்தான் செய்யும்.

அமெரிக்கச் செவிலியர்களில் மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 3,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2005-இல் வெளியானது. வாரத்தில் 3 முதல் 5 மணி நேரம் சராசரி வேகத்தில் நடப்பதற்கு ஈடான உழைப்பு உள்ளவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நடை ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் செலவில்லாத இந்த வழியை விட்டுவிட நியாயமில்லை.

எவ்வளவு நடப்பது, எங்கே நடப்பது?

வாரத்திற்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு. அதாவது 30 நிமிடம் வீதம் 5 நாள். முதல் வாரத்திலேயே இதை எட்ட வேண்டியதில்லை. காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் எனத் தொடங்கி மெல்லக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். சில கீமோ மருந்துகளும் டிராஸ்டூசுமாப் ஊசியும் இதயத்தைப் பாதிக்கக்கூடும். அவற்றை எடுத்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

நம் பகுதியில் பெண்கள் எங்கே நடப்பது என்பது நியாயமான கேள்வி. கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையின் ஓரம் நடைக்கு ஏற்றதல்ல. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலத்தையும், அதே மாதத்தில் அமோனியா கசிவையும் கண்ட மக்கள் நாம். காற்றில் நெடி அடிக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். மற்ற நாட்களில் ஃபஜ்ருக்குப் பின் மொட்டை மாடி, உட்தெரு, பூங்கா என எது வசதியோ அங்கே நடக்கலாம். கணவரோ மகளோ உடன் நடந்தால் பழக்கம் நிலைக்கும்.

கையும் தோளும்

அறுவையின்போது பலருக்கு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். கையிலிருந்து திரும்ப வேண்டிய நீர் வடியும் பாதை அப்போது குறைகிறது. சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூடக் கை வீங்கலாம். வளையலோ ரவிக்கையின் கையோ ஒரு பக்கம் மட்டும் இறுகுவது இதன் முதல் அடையாளம்.

வீக்கத்துக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். காயம் ஆறி மருத்துவர் அனுமதித்த பின், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறும் பயிற்சியைத் தினமும் செய்யலாம். இரு கைகளாலும் ஒரு கம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தலாம், தோளைச் சுழற்றலாம். காயம் ஆறும்வரை ஸஜ்தாவில் கையை ஊன்ற முடியாதவர்கள் உட்கார்ந்து சைகையால் தொழலாம்.

தண்ணீர்க் குடம் தூக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிறைந்த குடம் 15 கிலோ வரை இருக்கும். எடுத்த எடுப்பில் அதைத் தூக்கக் கூடாது. அதற்காகக் காலம் முழுக்க எதையுமே தூக்கக் கூடாது என்பதும் சரியல்ல. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. பயிற்சியாளர் மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டியபோது வீக்கம் அதிகமாகவில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள்.

மீன் ஆயும்போது முள்ளும் நண்டுக்காலும் அந்தக் கையில் குத்தாமல் கையுறை போடுங்கள். சிறு கீறல்கூடக் கிருமித்தொற்றாகலாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

புற்றுநோயை விரட்டும் அதிசய உணவு எதுவும் இல்லை. காய்கறியும் பழமும் மிக அதிகமாகவும் கொழுப்பு மிகக் குறைவாகவும் உண்ணச் செய்து 3,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வந்தது. அதனால் மட்டும் நோய் திரும்புவது குறையவில்லை. எனவே அளவான, பலவகைச் சாப்பாடே போதும்.

• காய்கறி, பழம்: நாளுக்கு 400 கிராமுக்குக் குறையாமல். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கீரை, அவரை, கோவைக்காய் வரட்டும்.

• புரதம்: மீன், முட்டை, பருப்பு, சுண்டல், தோல் நீக்கிய கோழி. காசிமேட்டில் கிடைக்கும் நெத்திலியும் மத்தியும் மலிவு, சத்தானவை. வறுப்பதைவிடக் குழம்பு நல்லது.

• ஆடு, மாடு: சமைத்த அளவில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்குள். வலீமா பிரியாணியை விலக்க வேண்டியதில்லை. தட்டில் பாதியை எடுத்துக்கொண்டு கூடவே தாளிச்சாவும் தயிர்ப் பச்சடியும் சேர்க்கலாம்.

• எலும்புக்கு: லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் எலும்பின் உறுதியைக் குறைக்கும். பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் நெத்திலி உதவும். பர்தா அணியும் சகோதரிகள் வைட்டமின் டி அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. மாடியில் மறைவான இடத்தில் சிறிது வெயில் படலாம். கதிர்வீச்சு பட்ட தோலை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்.

• சோயா: மீல்மேக்கர் ஆகாது என்ற அச்சம் வேண்டாம். ஷாங்காயில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த 2009 ஆய்வில், சோயா உணவு உண்டவர்களுக்கு நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை.

கருஞ்சீரகமும் தேனும்

இவற்றின் சிறப்பு ஹதீஸ்களில் வந்திருப்பதை நாம் அறிவோம். நோய்க்கு மருத்துவம் செய்யச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். கருஞ்சீரகத்தை உணவில் சேருங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். டாமாக்சிஃபென் போன்றவை 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள்கூடத் தேவைப்படும். சமையல் மஞ்சளால் தொல்லையில்லை. ஆனால் மஞ்சள் சத்தை அடர்த்தியாக்கிய கேப்ஸ்யூல் டாமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். எந்த மூலிகை கேப்ஸ்யூலையும் மருத்துவரிடம் காட்டாமல் எடுக்காதீர்கள்.

நோன்பு

கீமோ நடக்கும் காலத்தில் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்துள்ளது. உடல் தேறும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குற்ற உணர்வு வேண்டாம். சிகிச்சை முடிந்து, நாளுக்கு ஒரு மாத்திரை மட்டும் எடுப்பவர் மருத்துவரைக் கேட்டு அதை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னோ எடுக்கலாம். நோன்புக் கஞ்சி நல்ல உணவுதான். கூட வரும் சமோசாவும் வடையும் சர்பத்தும்தான் அளவு மீறுகின்றன.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே செல்லுங்கள். புதிய கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம், டாமாக்சிஃபென் எடுப்பவருக்கு மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

தோள் பயிற்சியை நேரில் கற்க ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தரப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பாதாம் பாலைக் குறைங்க. நாளைக்கு ஃபஜ்ருக்கு அப்புறம் நீங்களும் அவங்களோட மாடியில பத்து நிமிஷம் நடங்க."

நம் வீட்டுப் பெண்கள் நலம் பெற்று நீண்ட நாள் வாழ அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.