கிறீச்சிட்ட இடுப்பு மூட்டு



மாட்டுவண்டி ஓடிய காலத்தை உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சுக்கு மை போடாவிட்டால் சக்கரம் கிறீச்சிடும். கையை வைத்தால் சுடும். "மை போடாம வண்டிய ஓட்டாதடா" என்பார்கள். மூட்டும் அப்படித்தான். விடியலில் மரம் வெட்டி, பால் வாளி சுமந்து தேய்ந்த கால்கள் நம் மலாக்காத் தோட்டங்களில் ஏராளம். தேய்ந்த மூட்டுக்கு மாற்று கண்ட வரலாறும் ஒரு கிறீச்சொலியில்தான் தொடங்குகிறது.

1946இல் பாரிஸின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இடுப்புப் பந்து செய்து பொருத்தினர். அதைப் பொருத்திக்கொண்ட ஒருவர் இங்கிலாந்தின் டாக்டர் ஜான் சார்ன்லியிடம் வந்தார். சாப்பாட்டு மேசையில் குனிந்தாலே மூட்டு சத்தம் போடுமாம், மனைவிக்குச் சகிக்கவில்லையாம்! வேறொருவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். சார்ன்லியோ அந்தச் சத்தத்தில் உராய்வைக் கேட்டார். உராய்வு உள்ள இடத்தில் சூடும் தேய்வும் கூடவே வரும்.

அவர் உலோகப் பந்தின் குறுக்களவை 41 மில்லிமீட்டரிலிருந்து 22க்குக் குறைத்தார். பந்து சிறிதானால் ஒவ்வொரு அடிக்கும் உரசும் தூரம் குறையும், சூடும் குறையும். கிண்ணத்துக்கு மிக வழுக்கலான டெஃப்லானை எடுத்தார். 1958 முதல் ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தினார். வலி பறந்தது! ஆனால் சில ஆண்டுகளில் கிண்ணம் தேய்ந்து, தூள் சதையைப் புண்ணாக்கியது. சார்ன்லி தம் தொடையிலேயே டெஃப்லானைச் செலுத்திப் பார்த்தார். தூளின் கெடுதல் உறுதியாயிற்று. நம்பி வந்தவர்களுக்கு மறுபடியும் கத்தி வைக்க வேண்டிய நிலை. வழுக்கினால் மட்டும் போதாது, தேயவும் கூடாது என்ற பாடத்துக்கு அந்த நோயாளிகள் கொடுத்த விலை பெரிது.

1962இல் அவருடைய தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் கெட்டியான பாலித்தீனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். சார்ன்லி முதலில் அதை உதறித் தள்ளினார், கிரேவன் விடவில்லை. இரவு பகலாக மூன்று வாரம் ஓட்டியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை! அவ்வாண்டு நவம்பரில் அது மனிதர் இடுப்பில் ஏறியது.

சூட்டை உடலுக்குள்ளேயே அளந்தவர்கள் பெர்லின் ஆய்வாளர்கள். செயற்கை மூட்டுக்குள் வெப்பமானி வைத்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மணி நேரம் நடந்ததும் ஒருவரின் மூட்டு 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கடுங்காய்ச்சலைவிட அதிகம் பாருங்கள்! பாலித்தீன் கிண்ணத்தைவிடப் பீங்கான் கிண்ணத்தில் சூடு குறைவு. ஆனாலும் ஆளுக்கு ஆள் அளவு மாறியது. அவரவர் மூட்டில் ஊறும் நீரின் வழவழப்பும் அதற்கு ஒரு காரணம் என்றனர். உடலுக்குள்ளும் ஒரு வண்டிமை!