ஃபிளிங்க் வலை முகப்பு

அப்பாச்சி ஃபிளிங்க் என்ற தரவோடைச் செயலாக்க மென்பொருளில் வேலைகளை உலாவி வழியே ஏற்றவும் கண்காணிக்கவும் ரத்து செய்யவும் உதவும் திரை. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றிய ஸ்ட்ராட்டோஸ்பியர் ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்த ஃபிளிங்க், 2014இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வந்தது. முகப்பைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. வேலைகளைப் பங்கிட்டு மேய்க்கும் ஜாப்மேனேஜரே அதையும் நடத்துகிறது. வழக்கமான போர்ட் எண் 8081.

தரவோடை வேலை தொடங்கினால் மாதக்கணக்கில் ஓடும். அது ஓடும்போதே நாடி பார்த்தாக வேண்டும். அந்த நாடி வேலை வரைபடத்தில் தெரியும். தரவை வாங்குவது, வடிகட்டுவது, கூட்டுவது, எழுதுவது எனப் படிகள் பெட்டிகளாக நிற்க, அம்புகள் அவற்றை இணைக்கும். 2021இல் வந்த 1.13 பதிப்பு முதல் பெட்டிகள் நிறம் மாறுகின்றன. சும்மா இருந்தால் நீலம். மும்முரமாக இருந்தால் சிவப்பு. தான் முடித்ததை அடுத்த பெட்டி வாங்கிக்கொள்ளாமல் காத்து நின்றால் கறுப்பு. இந்தக் கடைசி நிலைக்குப் பேக்பிரஷர் என்று பெயர். புதியவர்கள் கறுத்த பெட்டியைத்தான் சந்தேகிப்பார்கள். பாவம், அது அடைபட்டு நிற்கிறது. அம்பின் திசையில் போய், கறுப்பு முடிந்து சிவப்பு தொடங்கும் பெட்டியைப் பிடிக்க வேண்டும். நெரிசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதன் வேலையைப் பங்கிட்டு இணையாக ஓடும் துணைப்பணிகளில் ஒன்று மட்டும் திணறினால், தரவைப் பிரிக்கும் சாவிகளில் ஏதோ சிலவற்றிலேயே அது குவிகிறதா என்று பார்க்கலாம்.

பல பதிப்புகளில் முதல் பெட்டியின் ‘பெற்ற பதிவுகள்’ 0 என்றே நிற்கும். காஃப்கா போன்ற வெளி மூலத்திலிருந்து லட்சக்கணக்கில் வந்தாலும் அப்படித்தான்; ஃபிளிங்கின் பணிகளுக்குள் கைமாறுவதை மட்டுமே அந்தக் கணக்கு எண்ணியது. பதற வேண்டாம்.

செக்பாயின்ட் தாவல், வேலையின் நிலை எப்போது சேமிக்கப்பட்டது, எவ்வளவு நேரமும் இடமும் பிடித்தது என்பதைக் காட்டும். இயல்பாகக் கடைசி 10 செக்பாயின்ட்களின் விவரம் இருக்கும். சேமிக்கப் பிடிக்கும் நேரம் வரவர ஏறிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும். ரத்துப் பொத்தானை அழுத்துமுன் நிதானம் தேவை: நாமே கேட்டு எடுக்கும் நிலைச் சேமிப்பான சேவ்பாயின்டை அது எடுக்காது, இயல்பு அமைப்பில் செக்பாயின்ட்களும் அத்துடன் அழியும். நிலையைக் காப்பாற்றி நிறுத்தக் கட்டளை வரிக்கோ நிரல்கள் வழியே அழைக்கும் ரெஸ்ட் இடைமுகத்துக்கோ போக வேண்டும்.

முகப்புக்குச் சொந்தமாகக் கடவுச்சொல் கிடையாது. வேலையின் நிரல் அடங்கிய ஜார் கோப்பை ஏற்றி ஓட்ட அது இடம் தருவதால், போர்ட்டை எட்டுபவர் எவரும் சர்வரில் தம் நிரலை ஓட்டலாம். 1.11.0 முதல் 1.11.2 வரையிலான பதிப்புகளில் இருந்த சிவிஇ-2020-17519 என்ற பாதுகாப்பு ஓட்டை, ஜாப்மேனேஜர் படிக்கக்கூடிய எந்தக் கோப்பையும் வெளியாளுக்குக் காட்டியது; அது 1.11.3இல் அடைக்கப்பட்டது. கோப்பு ஏற்றும் வசதியை அமைப்பில் அணைக்கலாம். ஆனால் அது திரையிலுள்ள வசதியை மட்டுமே மறைக்கும். பல வேலைகள் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டர் ரெஸ்ட் வழியே வரும் வேலைகளை அப்போதும் ஏற்கும். எனவே போர்ட்டையே உள்வலையில் வைத்து, அடையாளம் சரிபார்க்கும் ப்ராக்ஸி வழியாக மட்டும் திறந்துவிடுகிறார்கள்.