நாய்க்குப் பச்சை இறைச்சி: தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வேலைக்காக தளேகாவ் பக்கம் குடிவந்து, ஃபிளாட்டில் ஒரு லேப்ரடாரோ, தெருவில் எடுத்த குட்டியோ வளர்க்கிறீர்களா? "ரா ஃபுட் கொடுங்க, முடி பளபளன்னு ஆகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கறிக்கடை பக்கத்திலேயே இருக்கிறது, அப்புறம் என்ன என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

ரா டயட் என்றால் என்ன?

சமைக்காத இறைச்சி, எலும்பு, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள் சேர்ந்த உணவு. ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய புத்தகம் இதைப் பிரபலமாக்கியது. 80% இறைச்சி, 10% எலும்பு, 10% உள்ளுறுப்பு என்பது பலர் சொல்லும் கணக்கு. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 2 முதல் 3% வரை கொடுப்பார்கள். 30 கிலோ நாய் என்றால் 600 முதல் 900 கிராம்.

நாய் ஓநாய் இனம்தானே?

வம்சம் அதுதான், வயிறு மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம்ம ஊர் நாய்கள் கஞ்சியும் சோறும் தின்று வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

ஆபத்து எங்கே?

2024 டிசம்பரில், இதே மகாராஷ்டிராவில், நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. காரணம் எச்5என்1 பறவைக் காய்ச்சல். இரையாகக் கொடுத்த கோழி இறைச்சி மீது சந்தேகம் எழுந்தது. பூனை இனங்களுக்குத்தான் இந்த வைரஸ் அதிக ஆபத்து. ஆனாலும் 2023-இல் கனடாவில் காட்டு வாத்தைக் கடித்த ஒரு நாயும் இதனால் இறந்தது.

இதைவிட அன்றாட ஆபத்து பாக்டீரியா. அமெரிக்காவின் எஃப்டிஏ, செல்லப்பிராணிகளுக்கான 196 பச்சை உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 15-இல் சால்மோனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன. நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அதன் மலம், எச்சில், சாப்பிட்ட தட்டு வழியாக வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றலாம்.

மூன்றாவது, நாடாப்புழு. ஆடு, எருமையின் பச்சை ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கும் கட்டிகளைத் தின்றால், நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில், நுரையீரலில் நீர்க்கட்டி வரும். ஆக, இது நாய்க்கான முடிவு மட்டுமில்லை, மொத்த வீட்டுக்குமான முடிவு. அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சை உணவு வேண்டாம் என்று நிலைப்பாடு எடுத்தது.

யாருக்கு வேண்டவே வேண்டாம்?

வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். நாய்க்குட்டிக்கும் வேண்டாம். கால்சியம், பாஸ்பரஸ் அளவு தப்பினால் வளரும் எலும்பு கெட்டுப்போகும்.

சரி, முடிவு பண்ணிட்டேன். எப்படித் தொடங்குவது?

• முதலில் கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்டுங்கள். உணவுத் திட்டத்தையும் குடற்புழு மருந்து அட்டவணையையும் எழுதி வாங்குங்கள்.
• 7 முதல் 10 நாட்களில் பழைய உணவைக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாந்தி, பேதி வந்தால் நிறுத்துங்கள்.
• ஃப்ரீசரை நம்பி இருக்காதீர்கள். குளிர் பாக்டீரியாவைத் தூங்கவைக்கும், கொல்லாது. கரண்ட் போய் உருகிய இறைச்சியை மறுபடி உறையவைத்துக் கொடுக்காதீர்கள்.
• தனி கத்தி, தனி பலகை, தனி தட்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் தின்ற கையோடு முகத்தை நக்க விடாதீர்கள்.

வேறு வழி?

இருக்கிறது. அதே இறைச்சியை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும், அதனால் எலும்பை நீக்கிவிடுங்கள். ஆனால் எலும்பில்லாக் கறியும் சோறும் மட்டும் போதாது, கால்சியம் குறையும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கிருமி பயமும் குறையும், வீட்டுச் சாப்பாடு கொடுத்த திருப்தியும் கிடைக்கும்.